ஒற்றும் குறிப்பும்: பிறநாட்டுத் தலைவரை மதிப்பிடுவோர் தவறுமாறு

ஒருவர் நெஞ்சில் ஓடும் எண்ணத்தை மற்றொருவர் உள்ளவாறு அறிதல் எளிதன்று. ஒரே வீட்டிற் பிறந்து வளர்ந்து, ஓரடுப்பில் உண்டு வாழும் உடன்பிறந்தாரும் ஒருவரையொருவர் தவறாகக் கருதிப் பின்னர் வருந்துதலை நாடோறும் காண்கின்றோம். அங்ஙனமிருக்க, முகம் பாராத, மொழி வேறான, கடல் கடந்த நாடொன்றின் தலைவர் நாளை யாது செய்வார் என்று இன்றே உரைக்கப் புகுவோரின் தொழில் எத்துணை அரியது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? ஆயினும் இத்தொழில் புரிவோர் இக்காலத்துப் பெரிய அரசுகள் யாவற்றிலும் உளர். ஒற்றரும் தூதரும் வேவு விமானங்களும் கொணரும் செய்திகளைத் தம் மேசைமேற் பரப்பி, ஒன்றோடொன்று ஒத்துநோக்கி, இன்னது நிகழும், இன்னது நிகழாது என்று அமைச்சர்க்கு எழுதித் தருவது இவர் கடமை. இவர்தம் சொல்லை நம்பியே படைகள் திரட்டப்படுகின்றன. இவர்தம் சொல்லை நம்பியே திரட்டாமலும் விடப்படுகின்றன. ஆதலின் இவர்கள் செய்யும் பிழை ஏட்டளவில் நிற்பதன்று. பல்லாயிரவர் உயிரில் முடிவது. அறிவிற் சிறந்த இவ்வாய்வாளர் பிறநாட்டுத் தலைவரை மதிப்பிடுவதில் எங்ஙனம் தவறுகின்றனர் என்பதை ஆராய்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

பொருட்பாலில் திருவள்ளுவர் 'ஒற்றாடல்' என ஓர் அதிகாரமும் 'குறிப்பறிதல்' என வேறோர் அதிகாரமும் வகுத்திருத்தல் ஈண்டு நினைவுகூரத் தக்கது. முன்னது அரசன் ஒற்றரை ஆளும் முறையைக் கூறுவது. பின்னது, வாய்விட்டுச் சொல்லாத கருத்தை முகத்தாலும் கண்ணாலும் உணர்ந்துகொள்ளும் திறத்தைக் கூறுவது. இவ்விரண்டும் வெவ்வேறு ஆற்றல்கள் என்பது அவர் கருத்துப் போலும். ஒற்றினால் மறைபொருள் கிடைக்கும், உள்ளக்கருத்து கிடைப்பதில்லை. எதிரியிடம் எத்தனை பீரங்கிகள் உள்ளன, எத்தனை பாலங்கள் ஆற்றங்கரைக்குக் கொணரப்பட்டன என்பன எண்ணத்தக்கவை. அவற்றை அவர் எதற்காகக் கொணர்ந்தார் என்பதோ எண்ணிக்கையில் அடங்குவதன்று. ஆய்வாளர் பெரும்பாலும் தவறுவது இவ்விரண்டாவது வினாவிலேயாம். குறிப்பறிவோர்க்கு முகமேனும் எதிரே இருக்கும். இவர்க்கு அதுவும் இல்லை.

இதனைப் பொதுப்படக் கூறிச் செல்வதினும், ஒரு தலைவரின் வரலாற்றை எடுத்துக்கொண்டு விளக்குதல் நலம். எகிப்து நாட்டின் அதிபராயிருந்த அன்வர் சாதாத்தை அதற்குத் தக்க சான்றாகக் கொள்கின்றோம். என்னெனில், அவரை அயலார் ஒருமுறையன்று, இருமுறை தவறாக மதித்தனர்; அவ்விரு தவறுகளும் ஒன்றற்கொன்று நேர்மாறானவை.

1967ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆறே நாளில் முடிந்த போரில் இஸ்ரேல், எகிப்தின் சினாய்ப் பாலைநிலம் முழுவதையும் கைப்பற்றி, ஸூயஸ் கால்வாயின் கீழ்க்கரையில் தன் படையை நிறுத்திற்று. 1970 செப்டம்பர் 28ஆம் நாள் எகிப்தின் அதிபர் நாஸர் திடீரென மாண்டார். துணை அதிபராயிருந்த சாதாத் அவர் இடத்துக்கு வந்தார். நாஸர் சொல்வதற்கெல்லாம் தலையசைப்பவர் என்று உள்நாட்டிலேயே எள்ளப்பட்டவர் சாதாத். ஆகவே இவர் சில திங்களே நிலைப்பார், வலியவர் ஒருவர் வரும்வரை இருக்கையைக் காத்திருப்பார் என்று பலரும் கருதினர். அமெரிக்க இராஜதந்திரியான ஹென்றி கிஸிங்கரும் தொடக்கத்தில் தாம் அவரைக் குறைவாக மதித்ததைப் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். ஆனால் 1971 மே மாதத்தில் தம்மை வீழ்த்த முனைந்த பெரும் பதவியாளர் பலரையும் சாதாத் ஒரே வீச்சில் சிறைப்படுத்தினார். தலையசைத்தவர் தலைவரானார். எனினும் அயலார் மனத்தில் முதலிற் பதிந்த உருவம் எளிதில் அழியவில்லை.

இனி, இஸ்ரேலின் படைத்துறை ஒற்றுப்பிரிவு எகிப்தைப் பற்றிக் கொண்டிருந்த கொள்கையைக் காண்போம். பின்னாளில் 'கருதுகோள்' என்றே பெயர்பெற்ற அக்கொள்கை இரண்டு கூறுகளை உடையது. இஸ்ரேலின் உட்பகுதியிலுள்ள விமானத்தளங்களை எட்டித் தாக்கவல்ல விமானங்களும், இஸ்ரேல் தன் நகரங்களைத் தாக்காதவாறு அச்சுறுத்தவல்ல நெடுந்தொலை ஏவுகணைகளும் கிடைக்கும்வரை எகிப்து போர் தொடங்காது என்பது ஒன்று. எகிப்து சேராமல் ஸிரியா தனித்துப் போருக்கு வாராது என்பது மற்றொன்று. இஃது ஆதாரமற்ற கற்பனையன்று. நாஸரின் மருமகனும் சாதாத்தின் அணுக்கருமான அஷ்ரப் மர்வான் வழியே கிடைத்த மெய்யான மறைச்செய்திகளை அடிப்படையாகக் கொண்டது. எகிப்தின் தலைமை ஒரு காலத்தில் உண்மையாகவே அவ்வாறு எண்ணியிருந்தது. கருதுகோள் தோன்றிய அன்று அது பொய்யன்று என்பதை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

ஆயின் சாதாத் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். 1972 அக்டோபரில் தம் படைத்தலைவர்களைக் கூட்டி, கையிலுள்ள கருவிகளைக் கொண்டே போர்புரிதல் வேண்டும் என்று அறிவித்தார். மறுத்துரைத்த போர் அமைச்சரை நீக்கினார். இஸ்ரேலை முறியடித்தல் அவர் நோக்கமன்று; சினாயை முழுதும் மீட்டலும் அன்று. கால்வாயைக் கடந்து கீழ்க்கரையில் ஒரு சிறு நிலப்பகுதியைப் பற்றி நின்று, உறைந்துகிடந்த அரசியல் நிலையை உருகச் செய்து, வல்லரசுகளைச் சந்துசெய்ய இழுத்தலே அவர் நோக்கம். இதற்கு நெடுந்தொலை விமானங்கள் வேண்டா. கால்வாய்க்கரையின் மேல்வானத்தைக் காக்கும் ஏவுகணைகளே போதும். அவை அவரிடம் இருந்தன. இஸ்ரேலின் ஆய்வாளரோ, போர் என்றால் வெல்லுதற்கே செய்வர் என்று எண்ணினர். தோற்கக்கூடிய போரையும் அரசியற் பயன் கருதி ஒருவர் தொடங்குவார் என்பது அவர்தம் கணக்கிற் புகவில்லை.

அதே 1972ஆம் ஆண்டு ஜூலையில் சாதாத், தம் நாட்டிலிருந்த பல்லாயிரம் ஸோவியத் படைத்துணைவரை வெளியேற்றினார். இந்நிகழ்ச்சியை அயலார் எவ்வாறு பொருள்கொண்டனர்? துணைவரை இழந்தமையால் எகிப்தின் வலிமை குன்றிற்று. ஆகவே போர் இன்னும் தொலைவிற் சென்றது என்று கொண்டனர். தம் கையைப் பிடித்துத் தடுப்பாரை அகற்றுதலும் போருக்கு ஆயத்தமாகும் வழிகளில் ஒன்றன்றோ என்று வினவியவர் மிகச் சிலரே. ஒரே செயலுக்கு இருவகைப் பொருள் இயைவதாயின், மனிதன் தான் முன்னரே நம்பியதற்கு ஒத்ததையே தேர்ந்துகொள்கின்றான்.

வேறொரு காரணமும் ஆய்வாளரை மயக்கிற்று. சாதாத் 1971ஆம் ஆண்டை 'முடிவாண்டு' என்று அறிவித்தார். அவ்வாண்டு ஒன்றும் நிகழாமலே கழிந்தது. 1973ஆம் ஆண்டு வசந்த காலத்தில் எகிப்தியப் படைகள் நடமாடவே, இஸ்ரேலின் தலைமைத் தளபதி போருக்கு ஆயத்தம் செய்வித்தார், பெரும்பொருள் செலவாயிற்று, போரோ வரவில்லை. அக்காலத்தில் போர் நிகழாது என்று உறுதியாகச் சொன்னவர் ஒற்றுப்பிரிவின் தலைவர் எலி ஸெய்ரா. அவர் சொல்லே மெய்யாயிற்று. அவர் மதிப்பும் உயர்ந்தது. 'புலி வருகிறது, புலி வருகிறது' என்று கூவி ஊராரை ஏய்த்த சிறுவன் கதையை நம் வீடுகளிற் பாட்டியர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அக்கதையிற் பிழை சிறுவனுடையது. ஈண்டோ, சாதாத்தின் பலநாட் கூவலே அவருக்கு மறைப்பாயிற்று. புலி மெய்யாக வந்த நாளிலும் ஊரார் உறங்கினர்.

இறுதி நாட்களின் நிகழ்ச்சிகள் படிப்போரைத் திடுக்கிடச் செய்வன. 1973 செப்டம்பர் 25ஆம் நாள் ஜோர்தான் நாட்டு மன்னர் ஹுஸேன் மறைவாகச் சென்று இஸ்ரேலின் பிரதம மந்திரி கோல்டா மேயரைக் கண்டு எச்சரித்தார். அக்டோபர் 1ஆம் நாள், தென்திசைப் படைப்பிரிவின் ஒற்றுப்பகுதியிற் பணிபுரிந்த பின்யாமின் சிமான்தோவ் என்னும் இளம் லெப்டினண்டு, எகிப்தியர் நடத்தும் படைப்பயிற்சி போருக்கு இட்ட திரையே என்று காரணம் காட்டி எழுதினார். அவ்வறிக்கை அவருடைய மேலதிகாரியின் மேசையைத் தாண்டவில்லை. அக்டோபர் 4, 5ஆம் நாட்களில், எஞ்சியிருந்த ஸோவியத் அலுவலரின் குடும்பத்தார் எகிப்தினின்றும் ஸிரியாவினின்றும் விரைந்து விமானமேறினர். அக்டோபர் 5ஆம் நாள் இஸ்ரேலிய ஒற்றுப்பிரிவு வெளியிட்ட அறிக்கையோ, கால்வாய்க் கரையிற் காணப்பட்ட தாக்குதற் குறிகளை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிவிட்டு, ஈற்றில், எகிப்தியர் போர் தொடங்குவர் என்பதற்கு இடம் குறைவே என்று முடித்தது. கண் கண்டதை எழுதிய கையே, அதனை மனம் நம்பவில்லை என்றும் எழுதிற்று. அமெரிக்க ஒற்றுத்துறையின் மதிப்பீடும் அந்நாளில் இவ்வாறே இருந்தது. அதே அமெரிக்காவின் வெளிநாட்டு அமைச்சகத்திலுள்ள ஆய்வுப்பிரிவு அவ்வாண்டு மே மாத இறுதியிலேயே, இலையுதிர்காலத்துக்குள் போர் மூளுதற்குப் பாதிக்கு மேலும் இடமுண்டு என எழுதியிருந்ததும் மறக்கப்பட்டது.

அன்றிரவு லண்டன் மாநகரில் அஷ்ரப் மர்வானே நாளை போர் என்று அறிவித்தார். காலம் கடந்துவிட்டது. 1973 அக்டோபர் 6ஆம் நாள், யூதர் நோன்பிருந்து வழிபடும் திருநாளன்று, பிற்பகல் இரண்டு மணியளவில் எகிப்தும் ஸிரியாவும் ஒருங்கே தாக்கின. கடத்தற்கரியதெனக் கருதப்பட்ட கால்வாயை எகிப்தியர் கடந்து, கீழ்க்கரையில் மலைபோற் குவித்திருந்த மணற்கரையை நீர்ப்பொறிகளாற் கரைத்து வழி செய்தனர். மூன்று வாரத்தில் இஸ்ரேல் நிலைமையை மாற்றிக்கொண்டதாயினும், அந்நாட்டில் 2,600-க்கு மேற்பட்டோர் மாண்டனர். எகிப்திலும் ஸிரியாவிலும் மடிந்தோர் தொகை அதனினும் பன்மடங்காகும். பின்னர் தலைமை நீதிபதி அக்ரநாத்தின் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. 1974 ஏப்ரலில் அது வெளியிட்ட முதல் அறிக்கையில், கருதுகோளை விடாது பற்றியமையே பெரும்பிழை என்று கூறி, ஸெய்ராவைப் பதவியினின்று நீக்குமாறு பரிந்துரைத்தது. தலைமைத் தளபதி பதவி துறந்தார். கோல்டா மேயரும் விலகினார்.

இது நிற்க. நான்காண்டுகள் கழிந்தன. 1977 நவம்பர் 9ஆம் நாள் சாதாத் தம் நாட்டுப் பாராளுமன்றத்தில், அமைதிக்காக இஸ்ரேலின் சட்டமன்றத்துக்கும் செல்ல ஆயத்தமாயிருப்பதாகக் கூறினார். இப்போது இஸ்ரேலின் தலைமைத் தளபதியாயிருந்த மொர்தகாய் குர், இது மற்றொரு வஞ்சனை, இதன் மறைவில் எகிப்து போருக்கு ஆயத்தம் செய்கின்றது என்று செய்தித்தாளின் வாயிலாக எச்சரித்தார். 1973இல் நம்பாதிருந்து கெட்டோம், இனி ஏமாறோம் என்பது அவர் உள்ளம். நவம்பர் 19ஆம் நாள் மாலை சாதாத்தின் விமானம் இஸ்ரேலில் இறங்கிற்று. மறுநாள் அவர் ஜெருசலேமில் சட்டமன்றத்தின்கண் நின்று பேசினார். 1979 மார்ச் 26ஆம் நாள் இருநாடுகளும் சமாதான உடன்படிக்கையிற் கையெழுத்திட்டன. போர் செய்யார் என்று நம்பிய காலத்துப் போர் செய்தார்; போரே கருதுவார் என்று ஐயுற்ற காலத்து அமைதி வேண்டி வந்தார்.

இங்கு ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். 1971 பிப்ரவரியிலேயே சாதாத், இஸ்ரேலியப் படை கால்வாய்க் கரையினின்று ஓரளவு பின்வாங்கினால் கால்வாயைத் திறப்பதாகவும், சமாதான உடன்பாட்டுக்கு இசைவதாகவும் தெரிவித்திருந்தார். அன்று அச்சொல்லுக்கு மதிப்பளித்தோர் சிலரே. அவருடைய போரும் அமைதியும் ஒரே வேரினின்று கிளைத்தவை: இழந்த நிலத்தை மீட்டு, நலிந்த நாட்டைப் போர்ச்சுமையினின்று விடுவிக்க வேண்டும் என்பதே அவ்வேர். வேரை அறியாது கிளைகளை மட்டும் கண்டவர் இருமுறையும் தவறினர்.

சாதாத்தின் வரலாற்றோடு வேறு சில வரலாறுகளையும் வைத்து நோக்குவோமாயின், பிழைக்குரிய காரணங்கள் இன்னும் தெளிவாகும்.

முதலாவது, பிறரிடத்தில் தன்னையே காணுதல். கண்ணாடியை நோக்கிவிட்டு எதிரியைப் பார்த்ததாக எண்ணுதல் இதுவாம். 1962 செப்டம்பர் 19ஆம் நாள், அமெரிக்க ஒற்றுத்துறையின் மதிப்பீட்டுக் குழு, ஷெர்மன் கென்ட் என்னும் பேரறிஞரின் தலைமையில், ஸோவியத் தலைவர் குருஷ்சேவ் கியூபாவில் அணுவாயுத ஏவுகணைகளை நிறுவுதல் அவர் நாட்டின் வழக்கத்துக்கும் கொள்கைக்கும் ஒவ்வாதது என்று எழுதிற்று. அவ்வேளையில் ஏவுகணைகள் கியூபாத் துறைமுகத்தை அடையத் தொடங்கிவிட்டன. அக்டோபர் 14ஆம் நாள் வேவு விமானம் எடுத்த படங்களே உண்மையை வெளிப்படுத்தின; உலகம் இரண்டு வாரகாலம் அணுப்போரின் விளிம்பில் நின்றது. இத்துணை ஆபத்தான செயலை அறிவுடையோர் செய்யார் என்பதே குழுவினரின் எண்ணம். அறிவுடைமை எது என்பதை வாஷிங்டனிலிருந்து அவர்கள் அளந்தனர். கியூபாவைக் காத்தலும், துருக்கியில் தம்மை நோக்கி அமெரிக்கர் நிறுவியிருந்த ஏவுகணைகளுக்கு ஈடுசெய்தலும் மாஸ்கோவிலிருந்து பார்த்த குருஷ்சேவுக்கு எத்துணை இன்றியமையாதனவாகத் தோன்றின என்பதை அவர்கள் அளக்கவில்லை. கென்ட் பின்னர் இதனைப் பற்றி எழுதுங்கால், தவறு செய்தவர் குருஷ்சேவே, தம் குழுவினர் அல்லர் என்னும் கருத்துப்பட வாதித்தார். அதில் ஓரளவு உண்மையுண்டு. குருஷ்சேவ் அக்டோபர் 28ஆம் நாள் ஏவுகணைகளைத் திரும்பப்பெற இசைய நேர்ந்தது. ஆயினும் தலைவர்கள் தவறு செய்யக்கூடியவர் என்பதையும் கணக்கிற் கொள்ளுதல் ஆய்வாளர் கடனன்றோ?

அத்துறையின் தலைவர் ஜான் மக்கோன் ஒருவரே வேறாகக் கருதியவர். புதுமணம் புரிந்து பிரான்சு நாட்டிலிருந்த அவர், அங்கிருந்தபடியே தந்தி வாயிலாகத் தம் ஐயத்தைத் தெரிவித்தார். விமானங்களை வீழ்த்தும் ஏவுகணைகளைக் கியூபாவில் இத்துணைப் பொருட்செலவில் நிறுத்தியிருப்பின், காக்கத்தக்க அரும்பொருள் ஏதோ அங்கு வருகின்றது என்பது அவர் வாதம். காவற்காரனைக் கண்டவர் கருவூலத்தை ஊகித்தார்.

இரண்டாவது, மறுக்கவே இயலாத வகையில் அமைந்த எண்ணம். 1978ஆம் ஆண்டு ஈரானில் மன்னர் ஷாவுக்கு எதிராக மக்கள் கிளர்ந்தனர். நிலைமை உண்மையிலேயே முற்றினால் ஷா படைகொண்டு அடக்கிவிடுவார் என்று அமெரிக்க ஆய்வாளர் நம்பினர். அவர் முழுவலிமையுடன் அடக்கவில்லை. ஆகவே நிலைமை முற்றவில்லை என்று முடிவு செய்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில், ஈரான் புரட்சி நிலையிலும் இல்லை, புரட்சிக்கு முந்திய நிலையிலும் இல்லை என்று எழுதினர். 1979 ஜனவரி 16ஆம் நாள் ஷா நாட்டைவிட்டு நீங்கினார். அவர் புற்றுநோயால் நலிந்திருந்தார் என்பதும், அதனை மறைத்து வைத்திருந்தார் என்பதும் பின்னரே வெளியாயின. இத்தவற்றை ஆராய்ந்த ராபர்ட் ஜெர்விஸ் என்னும் அரசியற் பேராசிரியர் காட்டிய நுட்பம் இது: ஷா அடக்குவார் என்னும் நம்பிக்கை பொய்யென்று தெளிய வேண்டுமாயின், ஆட்சி கவிழும் நாள்வரை காத்திருத்தல் வேண்டும். காலம் கடந்த பின்னரன்றிப் பொய்ப்படாத கொள்கையைக் கொண்டு ஒரு நாட்டைக் காத்தல் இயலாது.

மூன்றாவது, முன்செய்த பிழைக்குப் பரிகாரமாக அதற்கு மாறான பிழையைச் செய்தல். 1977இல் மொர்தகாய் குரிடம் இதனைக் கண்டோம். ஈராக்கிலும் இது நிகழ்ந்தது. 1991ஆம் ஆண்டுப் போர் முடிந்தபின், ஸத்தாம் ஹுஸேனின் அணுவாயுத முயற்சி அயலார் நினைத்ததினும் மிக முன்னேறியிருந்தது தெரியவந்தது. குறைத்து மதித்துவிட்டோம் என்னும் நாணம் ஆய்வாளரை விட்டு நீங்கவில்லை. 2002 அக்டோபரில், ஸத்தாமிடம் கொடிய இரசாயன, கிருமி ஆயுதங்கள் உள்ளன என்று அமெரிக்க மதிப்பீடு உறுதி கூறிற்று. 2003இல் படையெடுத்துச் சென்று தேடியபோது அக்குவியல்கள் கிடைக்கவில்லை. அவை பல்லாண்டுகட்கு முன்னரே அழிக்கப்பட்டிருந்தன. இல்லையாயின் ஸத்தாம் ஏன் ஐயத்துக்கு இடங்கொடுத்தார்? அண்டை நாடாகிய ஈரான் தம்மை வலியிழந்தவராக எண்ணிவிடலாகாது என்னும் அச்சம் அவருக்கு இருந்ததாக, 2004இல் வெளியான விசாரணை அறிக்கை கூறுகின்றது. அவர் ஈரானை நோக்கி ஆடிய ஆட்டத்தை, அமெரிக்கர் தம்மை நோக்கியதாகக் கொண்டனர். ஒரு தலைவருக்கு நாமே முதற் பகைவர் என்று எண்ணிக்கொள்ளுதலும் ஒருவகைச் செருக்கேயாம்.

நான்காவது, அலுவலகத்தின் அமைப்பிலுள்ள குறை. மேலதிகாரி கொண்ட கருத்துக்கு மாறாகக் கீழுள்ளோர் எழுதினால் அது மேலே செல்வதில்லை. எழுதியவரும் மறுமுறை எழுதத் துணிவதில்லை. தலைவரே மனத்தில் முடிவு செய்துகொண்டவராயின் கேடு இன்னும் பெரிது. 1941ஆம் ஆண்டு ஹிட்லர் தாக்கப்போகின்றார் என்று பல திசைகளினின்றும் எச்சரிக்கை வந்தும், பிரிட்டனோடு போர் முடியுமுன் அவர் கிழக்கே திரும்பார் என்று ஸ்டாலின் உறுதியாயிருந்தார். ஒற்றுத்துறையினர் அவர் மனமறிந்து, வந்த எச்சரிக்கைகளை ஐயத்துக்குரியனவாக வகைப்படுத்தி அனுப்பினர். ஜூன் 22ஆம் நாள் விடியுமுன் ஜெர்மானியப் படை எல்லையைக் கடந்தது. பிறநாட்டுத் தலைவரின் குறிப்பை அறியவேண்டியோர், தம் தலைவரின் குறிப்பை அறிவதிலேயே தேர்ச்சி பெற்றுவிட்டனர்.

இவற்றைக் கூறுங்கால் ஆய்வாளர்க்கு நாம் அநீதி செய்துவிடுதலாகாது. நிகழ்ந்து முடிந்தபின் குறிகள் யாவும் பளிச்செனத் தோன்றும். நிகழுமுன் அவை நூறு பொய்க்குறிகளோடு விரவிக் கிடக்கும். தாக்குதல் நிகழாது என்று நாடோறும் எழுதுபவர் பெரும்பாலான நாட்களிற் சரியாகவே எழுதுகின்றார். மேலும், தலைவர் தாமே இன்னும் முடிவு செய்யாதிருக்கும் நிலையில், அவர் முடிவை மற்றொருவர் அறிவது எங்ஙனம்? மறைபொருள் வேறு, விடுகதை வேறு. முன்னதற்கு விடை ஒரு பெட்டியினுள் பூட்டப்பட்டுள்ளது. பின்னதற்கு விடையே இன்னும் பிறக்கவில்லை.

அற்றேல், பிழையைக் குறைக்கும் வழி யாதும் இல்லையோ எனின், சில உள. கத்தோலிக்கத் திருச்சபையில் ஒருவருக்குப் புனிதர் பட்டம் அளிக்குமுன், அவருக்கு எதிராக வாதிப்பதையே கடமையாகக் கொண்ட ஓர் அதிகாரி 1587ஆம் ஆண்டு முதல் பன்னெடுங்காலம் இருந்து வந்தார். 1973க்குப் பின் இஸ்ரேலிய ஒற்றுப்பிரிவும் அத்தகைய சிறு பகுதி ஒன்றை அமைத்து, துறையின் முடிவுகளுக்கு மாறாக வாதிப்பதை அதன் தொழிலாக்கிற்று. மாறுபடுதல் ஒருவருக்குக் கடமையாகிவிட்டால் அது குற்றமாகாதன்றோ? அமெரிக்க ஒற்றுத்துறையில் நெடுங்காலம் பணிபுரிந்த ரிச்சர்ட்ஸ் ஹியூயர் 1999இல் வெளிவந்த தம் நூலில் வேறொரு முறையைக் கற்பித்தார். ஒரு கருத்தை நிலைநாட்டும் சான்றுகளைத் தேடாது, எதிரெதிரான பல கருத்துக்களை அருகருகே வைத்து, எதனை எச்சான்று பொய்ப்பிக்கின்றது என்று பார்க்க வேண்டும் என்பதே அது. படைப்பயிற்சி என்னும் கருத்துக்கும் போர் என்னும் கருத்துக்கும் ஒருங்கே பொருந்தும் செய்தி, எத்துணைப் பெரிதாயினும், ஒன்றையும் நிறுவாது. குடும்பத்தார் விமானமேறி ஓடியதோ பயிற்சிக்குப் பொருந்தாது. அத்தகைய ஒரு செய்தி நூறு செய்திகளினும் மேலாயது.

இம்முறைகள் யாவும் துணையே, முதலன்று. முதலாவது, அந்நாட்டின் மொழியையும் வரலாற்றையும் கற்று, அத்தலைவர் எதனை இழந்தவர், எதனை அஞ்சுகின்றவர், தம் மக்கள்முன் எதனைச் சொல்லித் தலைநிமிர விரும்புகின்றவர் என்பதை அவர் நின்ற இடத்தில் நின்று பார்த்தலாம். இவ்வாறு பார்த்தல் அவர் செய்ததைச் சரியெனல் ஆகாது. பகைவரை விரும்ப வேண்டுமென்பதில்லை. ஆனால் அவரை விளங்கிக்கொள்ளாது வெறுப்பவர், தம் வெறுப்பாலேயே குருடராவர்.

கல்லூரியில் இன்று பயிலும் மாணவருள் ஒற்றுத்துறைக்குச் செல்வோர் மிகச் சிலராகவே இருப்பர். எனினும் பிறர் உள்ளத்தைத் தீர்மானித்து அதன்மேல் முடிவு செய்யும் பொறுப்பு நம் எல்லார்க்கும் உண்டு. நீதிபதியாவோர்க்கு உண்டு, ஆசிரியராவோர்க்கு உண்டு, பெற்றோராவோர்க்கும் உண்டு. பல காலமாக ஒருவரைப் பற்றி நாம் கொண்டிருக்கும் எண்ணம் மெய்யாகவும் இருக்கலாம். 'கருதுகோளும்' ஒருநாள் மெய்யாகத்தான் இருந்தது. ஆதலின் அவ்வெண்ணத்தைக் கைவிட வேண்டுவதில்லை. எந்தச் செய்தி வந்தால் இதனைக் கைவிடுவோம் என்று முன்னரே நம்மை நாம் வினவி, விடையை எழுதி வைத்துக்கொண்டால் போதும். அவ்வினாவுக்கு விடை சொல்ல இயலாதவராயின், நாம் அறிந்திருப்பது அவர் உள்ளத்தையன்று, நம் உள்ளத்தையே.